சட்டை ஊசியும் பொன்னாடையும்

படத்தை யன்னல் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றவர் பேரின்பம் அண்ணை, எங்கள் வைத்தியசாலையின் மூத்த சிற்றூழியர். எக்ஸ்ரே பார்க்கிற வெளிச்சப் பெட்டி நான் போவதற்கு முன்பே பழுதாகிவிட்டதால் யன்னல்தான் எங்களுக்குப் பெட்டி. வெளியே நல்ல வெயில். நெஞ்சுக்கூடு, இதயம், இரண்டு நுரையீரல் எல்லாம் கண்ணாடியில் வடிவாகத் தெரிந்தன.

"நடுவில வெள்ளையாத் தெரியுது, அது என்ன டொக்டர்?" என்று கேட்டவர் சுகந்தி ரீச்சர். தீவுப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறவர். நாற்பதைத் தாண்டியிருப்பார். மூன்று கிழமையாக இருமல் என்று வந்திருந்தார்.

நான் படத்தை இரண்டு விநாடிகூடப் பார்த்திருக்கமாட்டேன். மேசையில் அடுத்த ஆளின் நோயாளர் துண்டுச்சீட்டு காத்திருந்தது.

"அது உங்கட தாலிக்கொடியில கொழுவியிருக்கிற ஊசி ரீச்சர். படத்தில ஒண்டுமில்லை" என்றேன்.

ரீச்சர் சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டார். வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் மருந்து எழுதினேன்.

ரீச்சரின் கணவர் இறந்து அப்போது ஆறு வருடம். அவருடைய கழுத்தில் தாலியும் இல்லை, கொடியும் இல்லை. அந்த ஊசி நெஞ்சுக்கு வெளியே எங்கேயும் தொங்கவில்லை. இடது மூச்சுக்குழாய்க்குள் கிடந்தது.

இந்தத் தொடரில் இதுவரை நான் வென்ற கதைகளைத்தான் எழுதிவந்திருக்கிறேன். பாம்பு கடித்த பெண்பிள்ளை பிழைத்தது, வள்ளத்தில் பிரசவம் பார்த்தது, அப்படி. வாசகர்களும் நல்ல மனதோடு கடிதம் எழுதினார்கள். போன கிழமை வந்த ஒரு கடிதத்தில் ஒரு அம்மா என்னைக் கடவுளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இருத்திவிட்டார். அதைப் படித்த பிறகு சோறு இறங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எந்தத் தீவு என்று கேட்காதீர்கள். குறிகட்டுவானில் வள்ளம் ஏறிப் போகிற தீவு, அவ்வளவு போதும். அங்கே இருப்பது ஒரு வைத்தியசாலை, ஒரு டொக்டர். ஊர்ப் பெயரைச் சொன்னால் ரீச்சரின் வீட்டு இலக்கத்தைச் சொன்ன மாதிரி. சுகந்தி, பேரின்பம் என்பவையும் நான் வைத்த பெயர்கள்தான்.

முழுப் புள்ளி வாங்கின கேள்வி

எக்ஸ்ரே பார்க்கப் பழகுவது ஏறக்குறைய ஒரு பூசை முறை. முதலில் பெயர், திகதி, இடமா வலமா என்ற அடையாளம். பிறகு எலும்பு. பிறகு மூச்சுக்குழாய் நடுவில் நிற்கிறதா, ஒரு பக்கம் இழுபட்டிருக்கிறதா. பிறகு இதயம், நுரையீரல். கடைசியில், இதயத்துக்குப் பின்னால் பார்.

அந்தக் கடைசி வரியை எங்களுக்குத் தலையில் குட்டிக் குட்டி ஏற்றினார்கள். இதயத்தின் நிழல் படத்தில் வெள்ளை. அதற்குப் பின்னாலும் நுரையீரல் இருக்கிறது. அங்கே கோளாறு வந்தால் வெள்ளைக்குப் பின்னால் வெள்ளை. அவசரக்காரன் கண்ணுக்கு அகப்படாது.

நுரையீரல் சுருங்குவது இரண்டு விதம். ஒன்று, வெளியே நெஞ்சறைக்குள் காற்றுப் புகுந்து நுரையீரலை அமத்துவது. அது சட்டென்று வரும், ஆளையும் விழுத்தும். மற்றது, உள்ளே மூச்சுக்குழாயை ஏதாவது அடைத்துக்கொள்வது. அடைப்புக்கு அப்பால் இருக்கும் காற்றை உடம்பு மெல்ல மெல்ல உறிஞ்ச, அந்தப் பகுதி வற்றிச் சுருங்கும். இடது நுரையீரலின் கீழ்ப் பகுதி அப்படிச் சுருங்கினால், முக்கோணமாக மடிந்து நேரே இதயத்துக்குப் பின்னால் போய் ஒளியும்.

கடைசிப் பரீட்சையில் எனக்கு வந்த படமே அதுதான். முக்கோணத்தை விரலால் சுற்றிக் காட்டினேன். முழுப் புள்ளியும் தந்தார்கள். அன்று பின்னேரம் கூட்டாளிமாருக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

உள்ளகப் பயிற்சிக் காலத்தில் இன்னொரு வெற்றி. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்குச் சுவாசக் குழாய் போட்டிருந்தார்கள். படத்தில் பார்த்தால் குழாயின் நுனி கொஞ்சம் ஆழமாகப் போய் வலது கிளைக்குள் நிற்கிறது. வலதுக்கு மட்டும் காற்று, இடது நுரையீரல் சுருங்கத் தொடங்கிவிட்டது. நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். குழாயை இரண்டு விரற்கடை வெளியே இழுத்ததும் அடுத்த படத்தில் நுரையீரல் விரிந்துவிட்டது. அன்றைக்கு என் கால் நிலத்தில் படவில்லை.

பெருமைக்கு எழுதவில்லை. எனக்குத் தெரியாமல் நடந்த பிழை அல்ல இது என்று நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று யாரும் எனக்கு ஆறுதல் எழுதவேண்டாம். நான் ஆனையும் இல்லை, சறுக்கவும் இல்லை. கண்ணைத் திறந்துகொண்டு பார்க்காமல் விட்டவன்.

துடைத்துவிட்டுப் பார்க்கிற வித்தை

தீவில் எக்ஸ்ரே இயந்திரம் கிடையாது. காலையில் வள்ளம், குறிகட்டுவானில் பஸ், புங்குடுதீவு முழுக்கக் குலுங்கி, மண்டைதீவுச் சந்தி தாண்டிப் பட்டணம். அங்கே வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டு கடைசி வள்ளத்தைப் பிடிக்க ஓட்டம். கடல் தண்ணி தெறிக்கும் என்று படத்தைச் சொப்பிங் பைக்குள் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். சில படங்களில் உப்புப் பொட்டுக்கூட இருக்கும்.

இந்த அவசரத்தில் நகை கழற்ற நேரம் ஏது? அதிலும் எங்கள் பெண்கள் தாலியைக் கழற்றமாட்டார்கள். படம் எடுக்கிறவர்களும் பழகிவிட்டார்கள். கொடியைத் தூக்கி முதுகுப் பக்கம் போடச் சொல்வார்கள். முதுகுப் பக்கம் போட்டால் என்ன, படத்தில் விழத்தான் செய்யும். கொடி, தாலி, அதில் எப்போதும் கொழுவியிருக்கிற இரண்டு மூன்று சட்டை ஊசி. சேப்டி பின் என்று கடையில் கேட்பதைத்தான் சொல்கிறேன். எங்கே எது கிழிந்தாலும் தாலியிலிருந்துதான் ஊசி கழன்று வரும்.

ஆண்கள் மட்டும் குறைவா? ஒரு மீன்பிடிகாரருக்குக் கழுத்தில் மூன்று தாயத்து, அதோடு மாதா சுரூபம் பொறித்த பதக்கம். எந்தப் பக்கத்தாலும் ஆபத்து வரக்கூடாது என்று இரண்டு சமயத்தையும் கட்டியிருந்தார்.

புங்குடுதீவின் இறுப்பிட்டிப் பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனபோது கனடாவிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் தன் நெஞ்சுப் படத்தைத் தொலைபேசியில் காட்டினார். இடது தோளுக்குக் கீழே தீப்பெட்டி அளவில் இதய முடுக்கி, அதிலிருந்து இதயத்துக்குள் இறங்கும் இரண்டு கம்பி. கம்பி நுனி சரியான இடத்தில் நிற்கிறதென்று சொன்னேன். அது கனடாக் கம்பி, வேறு எங்கே நிற்கும் என்று கோபித்துக்கொண்டார். நான் பிறந்ததும் அந்த இறுப்பிட்டிதான். பட்டணத்தில் படிக்கும்போது தீவான் என்று பகிடி பண்ணுவார்கள் என்பதால் ஒருவருக்கும் சொன்னதில்லை. வெட்கத்தை எழுதவந்தால் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக வருகிறது, என்ன செய்ய.

இப்படி நாளுக்கு நாள் ஊசியும் தாயத்தும் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு வித்தை கைவந்தது. உலோகமெல்லாம் வெளியே தொங்குகிற சாமான் என்று கண்ணாலேயே துடைத்துவிட்டு மிச்சத்தைப் பார்ப்பது. தீவுக்கு வந்து நானே கண்டுபிடித்த கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன். புதிதாக வந்த தாதி ஒருவருக்கு அதைப் படிப்பித்தும் கொடுத்தேன்.

மாற்றக் கடிதம்

ரீச்சரின் படத்தில் கொடி தெரியவில்லை. ஊசி மட்டும் தெரிந்தது. அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. மஞ்சள் கயிற்றில் தாலி கட்டியிருந்தால் கயிறு படத்தில் விழாது. அப்படியானால் தாலி எங்கே என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இன்னொரு விசர்த்தனமும் என் தலைக்குள் இருந்தது. தீவுக்கு வருகிற உத்தியோகத்தர் எல்லாருக்கும் மாற்றம் வேண்டும். அதற்கு மருத்துவக் கடிதம் வேண்டும். கிழமைக்கு ஒருவராவது இருமிக்கொண்டோ இடுப்பு நாரியைப் பிடித்துக்கொண்டோ வருவார்கள். ரீச்சரும் அந்த வகை என்று முடிவு கட்டிவிட்டேன். அவர் அந்த ஊர்க்காரி, அவருக்கு மாற்றமே தேவையில்லை என்பதைக்கூட விசாரிக்கவில்லை. எனக்குத்தான் அந்த ஊர் வேண்டாம். நாட்காட்டியில் நாள் வெட்டிக்கொண்டிருந்தவன் நான்.

இரண்டாம் தரம் அவர் வந்தபோது இருமல் குறையவில்லை என்றார். சோளகக் காற்றுக்கு எதிரே சைக்கிள் மிதித்தால் பாதி வழியில் இறங்கவேண்டியிருக்கிறது என்றார். நான் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டேன். வலப்பக்கம் ஒழுங்காக, இடப்பக்கம் அரைகுறையாக. பிறகு, அறைக்குள் மருந்து எடுக்க நின்ற மூன்று பேருக்கும் கேட்கிற மாதிரி, மாற்றத்துக்குக் கடிதம் தேவையென்றால் நேராகக் கேட்கலாம், இருமிக் கஷ்டப்படவேண்டாம் என்றேன். ஒருவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ரீச்சர் மருந்துத் துண்டை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனார். அதன் பிறகு இரண்டு தரம் வந்தார். உறிஞ்சுகிற மருந்தும் நுண்ணுயிர்க்கொல்லியும் எழுதிக் கொடுத்தேன். ஆளை நிமிர்ந்து பார்த்த ஞாபகம் இல்லை.

இரண்டாவது படம்

நாலு மாதம் போனது. ஒரு நாள் காய்ச்சலோடு வந்தார். சளியில் இரத்தம். முகம் வற்றிக் கறுத்துப்போயிருந்தது. அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது. திரும்பவும் படம் எடுக்க அனுப்பினேன். ஏலாத உடம்போடு அதே வள்ளம், அதே பஸ், அதே வரிசை.

அடுத்த நாள் ரீச்சரின் தங்கை படத்தைக் கொண்டுவந்து தந்துவிட்டு வெளியே கிடந்த மர வாங்கில் போய் இருந்தார். பேரின்பம் அண்ணை யன்னலில் பிடித்தார். நான் வழக்கம்போலத் துடைக்கத் தொடங்கினேன்.

"இது தாலி ஊசி. இதை விடுவம்" என்று எனக்குள் சொல்வதுபோல் சொன்னேன்.

பேரின்பம் அண்ணை படத்திலிருந்து கையை எடுக்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

"டொக்டர், ரீச்சர் தாலி போடுறேல்லை. அவவின்ர மனுசன் செத்து ஆறு வருசம்."

 முதல் படத்தைக் கொண்டுவந்தபோதும் யன்னலில் பிடித்துக்கொண்டு நின்றவர் இதே மனிதர்தான். அன்றைக்கே அவருக்குத் தெரியும். பெரிய படிப்புப் படித்தவன் சொல்கிறான், நான் ஏன் வாய் திறப்பான் என்று விட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஏது முகம்?

பிறகு பார்த்தேன். அப்போதுதான் உண்மையாகப் பார்த்தேன். ஊசி இதய நிழலுக்குள், இடது மூச்சுக்குழாய் கிளைவிட்டுக் கீழே இறங்குகிற இடத்தில் சரிந்து கிடந்தது. அதற்குக் கீழே இதயத்துக்குப் பின்னால் அந்த முக்கோணம். பரீட்சையில் வந்த அதே முக்கோணம். மூச்சுக்குழாயும் இடப்பக்கம் இழுபட்டிருந்தது. குருடனுக்கும் தெரியும்.

வெளியே தொங்குகிற சாமான் என்றால் படத்துக்குப் படம் இடம் மாறும். அந்தத் தாதிக்கு என் வித்தையைக் காட்டவென்று முதல் படத்தைத் தொலைபேசியில் எடுத்து வைத்திருந்தேன். தேடி எடுத்துப் பார்த்தேன். நாலு மாத இடைவெளியில் ஊசி அதே இடத்தில், அதே சரிவில் நின்றது.

பின்னேரம் ரீச்சரின் வீட்டுக்குப் போனேன். ஊசி ஏதாவது வாய்க்குள் போனதா என்று கேட்டேன். அவர் உடனே சொன்னார். ஒரு நாள் காலை பள்ளிக்கூடத்துக்கு நேரம் போய்விட்டது. சேலைக் கொய்யகத்தை மடித்து ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டு நின்றிருக்கிறார். எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் அப்படித்தான் சேலை கட்டுவாள். வாசல் படலையில் யாரோ கூப்பிட, ஓம் என்று குரல் கொடுத்திருக்கிறார். புரைக்கேறி இருமல் வந்தது. கொஞ்ச நேரத்தில் அடங்கியும் விட்டது. ஊசியை நிலத்தில் தேடினார், காணவில்லை. கூட்டும்போது வரும் என்று நினைத்து வேறு ஊசி குத்திக்கொண்டு போய்விட்டார்.

"படத்தில வெள்ளையாக் கண்ட உடனை அதைச் சொல்லத்தான் வாயெடுத்தனான். நீங்கள் தாலி எண்டியள். பிறகு எனக்கு வாயில கதை வரேல்லை" என்றார்.

அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? இதயத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற ஊசி, கண்டுபிடிப்பது கஷ்டம் என்றேன். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிய கடிதத்தில் 'இன்று கண்டறியப்பட்டது' என்று எழுதினேன். முதல் படத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. சீ, இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

வாணி விழா

பட்டணத்திலிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். மயக்கமருந்து கொடுத்து, வாய்வழியாகக் குழாய் விட்டு ஊசியை எடுத்தார்கள். கறள் பிடித்துச் சதைக்குள் புதைந்திருந்ததாம். ஆள் பிழைத்தார். ஆனால் சுருங்கின பகுதி முழுதாக விரியவில்லை. அங்கே காயம் ஆறித் தழும்பாகிவிட்டது, இனி விரியாது. முதல் கிழமையிலேயே எடுத்திருந்தால் ஒன்றும் நடந்திராது. சைக்கிளை விற்காமல் வீட்டில் நிறுத்திவைத்துவிட்டுத் தங்கையின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கினார்.

ஊருக்குள் கதை வேறு விதமாகப் போனது. பட்டணத்துக்காரருக்கும் தெரியாததை எங்கள் டொக்டர் கண்டுபிடித்தார் என்று. கடையில் தேத்தண்ணிக்குக் காசு வாங்கமாட்டேன் என்றார்கள். நான் மறுக்கவில்லை. குடித்தேன்.

நவராத்திரி வந்தது. பள்ளிக்கூட வாணி விழாவுக்கு அழைப்பு. போய் இருந்தால், அதிபர் ஒலிவாங்கியைப் பிடித்து எனக்குக் கழுகுக் கண் என்றார். தட்டில் பொன்னாடை வந்தது. தட்டை ஏந்தி வந்தவர் சுகந்தி ரீச்சர். அதிபர் போர்த்திவிட்டார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.  கழற்றி எறியவும் ஏலாது, போட்டிருக்கவும் ஏலாது.

அவலும் கடலையும் கொடுத்த வகுப்பறையில் ரீச்சர் தனியாக அகப்பட்டார். இனி வாய் திறக்காவிட்டால் நான் மனிதனே இல்லை என்று நினைத்துக்கொண்டு, முதல் படத்திலேயே ஊசி இருந்தது ரீச்சர், நான்தான் பார்க்கவில்லை என்றேன்.

"தெரியும் டொக்டர்" என்றார். கடலை சுற்றின கடதாசிச் சரையைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "முதல் படத்தையும் கொழும்புக்குக் கொண்டு போனனான். அங்க ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பாத்தவை. முதல் படத்தை ஆர் பாத்தது எண்டு கேட்டவை. ஞாபகமில்லை எண்டனான்."

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். 

"சொன்னா விசாரணை வைப்பினம். பிறகு நீங்கள் இஞ்ச இருக்கமாட்டியள். முந்தி ஒரு டொக்டர் மாறிப் போய் எட்டு மாசம் ஆளில்லாமல் கிடந்தது. அந்த எட்டு மாசத்துக்குள்ளதான் என்ர மனுசன் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்தவர். வள்ளம் கரைக்குப் போகேக்க ஆள் உயிரோட இல்லை."

இருமல் வந்தது. வாயைப் பொத்தி இருமி முடித்துவிட்டுச் சொன்னார்.

"பொன்னாடை போத்தச் சொல்லி அதிபரிட்டச் சொன்னதும் நான்தான். மரியாதை குடுத்தால் ஆக்கள் நிப்பினம்."

என்னைத் திட்டியிருக்கலாம். ஒரு நுரையீரலில் பாதியை என்னிடம் பறிகொடுத்துவிட்டு, நான் ஓடிவிடக்கூடாது என்று எனக்குப் பொன்னாடை போர்த்துகிறார். நான் குனிந்து கடலையைத் தின்றேன். என்னுடைய மாற்ற விண்ணப்பம் போய் அன்றைக்கு மூன்று கிழமை. கூட்டாளி ஒருவனிடம் நாரி வருத்தம் என்று கடிதம் வாங்கி இணைத்திருந்தேன். என் நாரிக்கு ஒன்றுமில்லை.

அதை அவரிடம் சொல்லவில்லை. விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கவும் இல்லை. வாங்கவேண்டும் என்று ஒவ்வொரு இரவும் நினைத்தேன், ஒவ்வொரு காலையும் நாட்காட்டியில் நாள் வெட்டினேன்.

தை பிறந்து சில நாளில் மாற்றம் வந்தது. ஒருவருக்கும் சொல்லிக்கொள்ளாமல் முதல் வள்ளத்தில் ஏறினேன். பேரின்பம் அண்ணை மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறைக்கு வந்தார். அடுத்த டொக்டர் எப்போது வருவார் என்று கேட்டார். கெதியில் வருவார் என்றேன்.

எட்டு மாதம் என்று ரீச்சர் சொன்ன மாதிரி, எனக்குப் பிறகு எத்தனை மாதம் என்று நான் இன்றுவரை யாரிடமும் விசாரித்ததில்லை. அந்த மாதங்களுக்குள் யார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள் என்றும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்கள் என்ற பயம்.